கேட்கத் தயங்கும் வாடிக்கையாளர்கள்

ஸ்காபரோவில் எம்மவர் நடத்தும் பேக்கரிகளுக்குள் நுழைவோர் முதலில் வாசிப்பது கண்ணாடிக் கதவைத்தான். மரண அறிவித்தல், வாடகைக்கு பேஸ்மன்ற், வயலின் வகுப்பு, வருமான வரிப் பத்திரம் நிரப்பித் தருவோர் ஆகியவற்றுக்கு நடுவே, புகைப்பட வகுப்புகளின் விளம்பரங்களும் அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றன. கமெரா பிடிக்கும் கலையை எட்டு வாரத்தில் கற்றுத் தருவதாகவும், கற்றபின் கல்யாண வீடுகளில் உழைக்கலாம் என்றும் அவை கூறுகின்றன. பேக்கரியும் வகுப்பும் வெவ்வேறு தொழில்கள். ஆயினும் இரண்டிலும் எமது வாடிக்கையாளர்கள் நடந்துகொள்ளும் முறை ஒன்றாகவே இருப்பதைக் காண்கின்றோம்.

நேற்றைய றோல்ஸைச் சூடாக்கித் தந்தால் நாம் உண்டுவிட்டு எழுந்து வருகின்றோம். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நின்று கால் மணி நேரம் அதைப் பற்றிப் பேசுகின்றோம். மறுநாள் உறவினருக்கும் தொலைபேசியில் சொல்கின்றோம். கடைக்காரரிடம் மட்டும் சொல்வதில்லை. இதே நாம் அந்நியர் நடத்தும் கோப்பிக் கடையில் சீனி கூடிவிட்டால், தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களைக் கொண்டே கோப்பையைத் திருப்பிக் கொடுக்கின்றோம்! நகரச் சுகாதாரப் பகுதி 2001 ஆம் ஆண்டு தொடக்கிய திட்டத்தின்படி உணவகங்களின் வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அறிவித்தல்கள் தொங்குகின்றன. குசினி சுத்தமா என்பதை அந்தப் பச்சை அட்டை சொல்லும். றோல்ஸ் இன்று சுட்டதா என்பதை வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1983 யூலைக்குப் பின் வந்தவர்களும், 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரும் கால்பதித்த கனடாவில், எமக்கெனக் கடைகள் அதிகம் இருக்கவில்லை. வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகளை அண்டிய மாடிக் கட்டடங்களில் நெருங்கி வாழ்ந்த காலத்தில், எம்மவர் கடை என்பது சாமான் வாங்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. வேலை எங்கே உண்டு, எந்த வழக்கறிஞரிடம் போகலாம், யாருடைய வீட்டில் ஓர் அறை காலி என்பனவெல்லாம் அங்கேதான் தெரியவந்தன. அந்த நன்றி இன்றும் எம்மிடம் இருக்கின்றது, இருக்கவும் வேண்டும். ஆனால் அதைப் பெறத் தகுதியற்றோரும் இன்று அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

புகைப்பட வகுப்புகளில் இதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். படம் என்பது எமக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் அல்பங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தனர். தாயின் முகத்துக்கு ஓர் அடையாள அட்டைப் படம் மட்டுமே எஞ்சிய குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அதுமட்டுமன்றி, கணவனையோ மனைவியையோ இங்கு அழைப்பதற்கு விண்ணப்பிக்கும்போது, திருமணம் உண்மையானதா என்பதைக் குடிவரவு அதிகாரிகள் படங்களைக் கொண்டும் பரிசீலிக்கின்றனர். மணமக்கள் இருவரை மட்டும் அழகாகக் காட்டும் படங்கள் அங்கே போதா. தாலி கட்டும் நேரம், சூழ நின்ற பெற்றோர், உறவினர், பந்தி என யாவும் தெளிவாக இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டுப் படம் என்றால் 50 மில்லிமீற்றர் அகலம், 70 மில்லிமீற்றர் உயரம். நாடியிலிருந்து உச்சி வரை முகம் 31 முதல் 36 மில்லிமீற்றருக்குள் அமைய வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். எமது வட்டாரத்தில் ஸ்ரூடியோ வைத்துப் பிழைக்க விரும்புபவர் அறிந்திருக்க வேண்டியவை இவை. நாம் பார்த்த பிரசுரங்களில் இவற்றைக் கற்பிப்பதாக ஒரு வரியையும் காணவில்லை. ட்ரோன் கமெரா பற்றி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

எமது அயலில் வசிக்கும் இளைஞர் ஒருவர், அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில், வேலை அனுமதிப் பத்திரம் கிடைத்துப் பெற்ற முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்து அத்தகைய வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டினார். காசாகவே கட்டினார், பற்றுச்சீட்டுத் தரப்படவில்லை. மூன்று வாரம் ஒழுங்காகப் பாடம் நடந்தது. பின்னர் கல்யாணக் காலம் தொடங்கியது. சனி, ஞாயிறுகளில் ஆசிரியருக்கு ஓடர் இருந்தபடியால் வகுப்பு நடக்கவில்லை. அதற்குப் பதிலாக மாணவர்கள் மண்டபங்களுக்கு அழைக்கப்பட்டனர். விளக்கு பிடிப்பதும், வயர் சுற்றுவதும், பெட்டி தூக்குவதும் செய்முறைப் பயிற்சி என்று பெயர் பெற்றன. அவர் நள்ளிரவு கடந்து பஸ்ஸில் வீடு திரும்பினார். கோடை முடிந்தபோது, திரையின் வேகத்துக்கும் ஒளித்துளையின் அளவுக்கும் உள்ள தொடர்பை அவருக்கு எவரும் விளங்கப்படுத்தியிருக்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று வினவினோம். "அவர் எங்கட ஊர் அண்ணை, எப்பிடிக் கேக்கிறது?" என்றார்.

இதற்குப் பெயர் பயிற்சியன்று. பணம் வாங்கிக்கொண்டு வாங்கிய வேலை என்றே இதைச் சொல்வோம்.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2005 இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் நடைபெறவுள்ள சேவைக்காக 50 டொலருக்கு மேல் உடன்பாடு செய்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், உரிய பிரதி கையில் தரப்படாவிடில் ஓராண்டுக்குள் அதை முறித்துக்கொள்ளலாம் என்பதும் அச்சட்டம் வகுத்த விதிகள். பணம் கட்டியவரின் குடிவரவு நிலையை அது கேட்பதில்லை. அகதி விண்ணப்பம் பாதிக்கப்படுமோ என்று அஞ்சி வாய்மூடி இருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறு வழிகளும் உள. 1979 இல் தொடங்கிய கலரி 44 போன்ற புகைப்பட நிலையங்கள் நகர மையத்தில் பட்டறைகளை நடத்தி வந்துள்ளன. ஆனால் ஸ்காபரோ தொடருந்து 2023 யூலையில் தடம்புரண்டு அத்தோடு சேவையை இழந்த பின், இரவு வகுப்பு முடிந்து பஸ் மாறி வீடு சேர்வது தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு எளிதன்று. மொழியும் தடை. ஆகவே தமிழில், அயலில் நடக்கும் வகுப்புகள் எமக்கு வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அவை மூடப்படுவதை நாம் விரும்பவில்லை.

கடைக்காரரின் பக்கமும் அறியாததன்று. அதிகாலையில் அடுப்பு மூட்டி நிற்பவரிடம் 200 றோல்ஸுக்கு ஓடர் கொடுத்துவிட்டு எடுக்க வராதோர் எம்மவரே. கல்யாணப் படக்காரருக்கு மிச்சப் பணத்தை மாதக் கணக்கில் இழுத்தடிப்போரும் எம்மவரே. அங்கும் எழுத்தில் ஒன்றும் இல்லாதபடியால் அவர்களும் வாய்திறப்பதில்லை.

கேட்டால் நடக்காது என்று எண்ண வேண்டியதில்லை. எமக்குத் தெரிந்த பேக்கரி ஒன்றில் கதிரைகள் ஒருநாள் திடீரென அகற்றப்பட்டன. ஒரு தேத்தண்ணியுடன் மூன்று மணி நேரம் இருந்த முதியவர்களால் மதியக் கூட்டத்துக்கு இடமில்லை என்பது உரிமையாளரின் கணக்கு. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பனிக்காலத்தில் அவர்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. பல வாரங்கள் அவர்கள் சுவரோரம் நின்று குடித்தார்கள், எவரும் பேசவில்லை. இறுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உரிமையாளரை அழைத்து, "தம்பி, மத்தியானம் உங்கட யாவாரம் நடக்கட்டும். இரண்டு மணிக்குப் பிறகாவது எங்களை இருக்க விடுங்கோ" என்றார். மறுவாரம் நாலு கதிரைகள் திரும்பி வந்தன. இப்போது பின்னேரங்களில் அங்கே வடை விற்பனை கூடியிருப்பதாக அவரே சொல்கின்றார்.

வகுப்புக்குப் பணம் கட்டுவோர் அந்த ஆசிரியையைப் போலக் கேட்கட்டும். எத்தனை வகுப்பு, எந்தெந்த நாட்கள், நின்றுபோனால் பணம் திரும்புமா, மண்டபத்தில் நிற்கும் மணித்தியாலங்களுக்குக் கூலி உண்டா, எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஒப்பமிட நேர்மையான ஆசிரியர் தயங்கமாட்டார்.

இவ்வாரம் நாம் பார்த்த மூன்று கடைக் கதவுகளில் புதிய வகுப்புகளுக்கான பிரசுரங்கள் ஒட்டப்பட்டுள்ளன. மூன்றிலும் கட்டணம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றது. வகுப்பு நாட்கள் ஒன்றில்தான் இருக்கின்றன.