கிண்ணம் நோயாளியின் கையில் இருக்கட்டும்

எமது புறநோயாளர் பிரிவில் உணவைப் பற்றிய கேள்விகள் நாள்தோறும் வருகின்றன. அவற்றுள் இனிப்பைப் பற்றிய கேள்வியை நோயாளி கேட்பது அரிது. உடன் வந்தவரே கேட்கிறார்: "டாக்டர், அப்பாவுக்கு ஒரு வாய் இனிப்புக் கொடுக்கலாமா?" அப்பா அருகிலேயே அமர்ந்திருப்பார். கேள்வி அவரைப் பற்றியது. ஆனால் அவருடையது அன்று. 'கூடாது' என்றோ 'கொஞ்சம் கொடுக்கலாம்' என்றோ நாங்கள் சொல்லும் விடையும் அவரைக் கடந்து உடன் வந்தவரிடமே சென்று சேர்கிறது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதை விளக்குவதற்கு ஸ்காட்லாந்து நாட்டின் பழைய இனிப்பு ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

ஏன் ஸ்காட்லாந்து என்று வாசகர்கள் வியக்கலாம். எடின்பரோ நகரின் மருத்துவக் கல்லூரி 1681ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றது. அதன் தேர்வுகளும் கிளாஸ்கோவின் தேர்வுகளும் நம் நாட்டு மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. பயிற்சிக்காக அங்கே சென்றவர்கள் குளிரையும் மழையையும் பற்றிப் பேசி முடித்த பிறகு பெரும்பாலும் நினைவுகூர்வது உணவைத்தான். அவ்வாறு நினைவுகூரப்படுபவற்றுள் ஒன்று 'கிரானகன்'. வறுத்த ஓட்ஸ், கடைந்த பாலேடு, தேன், ராஸ்ப்பெர்ரி பழம், சிறிது விஸ்கி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அது. உணவகங்களில் இதனை உயரமான கண்ணாடிக் குவளையில் அடுக்கடுக்காக நிரப்பித் தருவார்கள். கீழே சிவப்பு, அதன்மேல் வெண்மை, இடையிடையே பழுப்பு என்று பார்க்க அழகாக இருக்கும்.

எங்கள் கவனத்தை ஈர்ப்பது அந்தக் குவளை அன்று. வீடுகளில் இதனைப் பரிமாறிய பழைய முறை. ஓட்ஸ் ஒரு கிண்ணத்தில், பாலேடு ஒன்றில், பழம் ஒன்றில், தேன் ஒன்றில் என்று தனித்தனியே மேசைமீது வைத்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை வேண்டிய அளவில் எடுத்துத் தம் கிண்ணத்தில் தாமே அடுக்கிக்கொள்வார்கள். வீட்டுத் தலைவிக்கு அது வேலையைக் குறைத்த ஏற்பாடாகவும் இருந்திருக்கலாம். நோயாளி இருக்கும் வீட்டுக்கோ அது மிகப் பொருத்தமான ஏற்பாடு என்று நாங்கள் கருதுகிறோம்.

இந்த உணவு அறுவடைக் கொண்டாட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது. குளிரும் ஈரமும் மிகுந்த அந்த மண்ணில் கோதுமையைவிட ஓட்ஸ் நன்றாக விளையும். ஆகவே கஞ்சி முதல் ரொட்டி வரை அங்கே ஏழை எளியவரின் உணவு முழுவதும் பல நூற்றாண்டுகளாக ஓட்ஸையே சார்ந்திருந்தது. ராஸ்ப்பெர்ரிக்குப் பெயர்பெற்றது பெர்த்ஷயர், ஆங்கஸ் வட்டாரம். பிளேர்கவுரி என்னும் ஊர் அப்பழத்தாலேயே அறியப்படுகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பழம் கனியும். மலைச்சரிவுகளில் ஹெதர் என்னும் குறும்புதர் கோடையின் இறுதியில் ஊதா நிறத்தில் பூக்கும். அதன் தேன், கலக்காமல் விட்டால் கூழ்போல் இறுகி நிற்கும் தன்மை உடையது. பாலேடு ஏராளமாகக் கிடைக்காத வீடுகளில் 'கிரௌடி' என்னும் மென்மையான பாலாடைக்கட்டியைச் சேர்த்தார்கள். வெண்ணெய்க்காகப் பாலேட்டை எடுத்த பிறகு எஞ்சிய பாலை அடுப்பின் வெதுவெதுப்பில் புளிக்கவிட்டு, துணியில் வடித்துச் செய்வது அது. ஆண்டின் ஒரு பருவத்தில், உழைத்துக் களைத்தவர்கள் கூடி உண்ட உணவு இது என்பதை மறக்கக் கூடாது. இன்றோ கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 அன்று இதைப் பரிமாறுவது வழக்கமாகிவிட்டது. நடுக் குளிர்காலத்தில் அந்நாட்டுத் தோட்டங்களில் பழம் ஏது? உறைபெட்டியிலிருந்தோ வேற்று நாட்டிலிருந்தோதான் வர வேண்டும்.

செய்முறை எளிது. நால்வருக்கு 50 கிராம் ஓட்ஸ், 300 மில்லி கெட்டிப் பாலேடு, 300 கிராம் ராஸ்ப்பெர்ரி, 3 மேசைக்கரண்டி தேன், 3 மேசைக்கரண்டி விஸ்கி என்பது அங்குள்ள வீடுகளில் ஏறக்குறைய வழங்கும் அளவு. ஓட்ஸ் என்றால் வெந்நீர் ஊற்றியதும் குழைந்துவிடும் உடனடி ஓட்ஸ் அன்று. தானியத்தை நொய்யாக உடைத்தது. அதை எண்ணெயின்றி வெறும் வாணலியில் இளந்தீயில் கிளறி, கொட்டைப் பருப்பின் மணம் எழும்வரை வறுக்க வேண்டும். பிறகு முழுவதும் ஆறவிட வேண்டும். சூட்டோடு சேர்த்தால் பாலேடு இளகி ஓடிவிடும். பாலேட்டைக் குளிர்ந்த பாத்திரத்தில் கடைந்து, அது தளர்வாக மேடு கட்டி நிற்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கடைந்தால் கைக்கு வருவது வெண்ணெய்தான். பழத்தில் ஒரு பங்கை மட்டும் மசித்து, மற்றதை முழுதாக வைப்பார்கள். ஓட்ஸின் மொறுமொறுப்பே இதன் உயிர் என்பதால் அதைக் கடைசியில் சேர்த்து உடனே உண்பது நல்லது. முன்னரே கலந்து இரவு முழுவதும் ஊறவைத்து உண்பவர்களும் உண்டு. சுவையில் நாங்கள் முதல் கட்சி.

இனி மருத்துவக் கணக்கு. பிரிட்டனில் விற்கும் கெட்டிப் பாலேட்டில் 48 விழுக்காடு கொழுப்பு. 300 மில்லியை நால்வர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 36 கிராம் கொழுப்பு. அதிலிருந்து மட்டும் 300 கலோரிக்கு மேல். ஒரு மேசைக்கரண்டி தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை. மாறாக, 100 கிராம் ராஸ்ப்பெர்ரியில் சர்க்கரை 5 கிராமுக்கும் குறைவு, நார்ச்சத்தோ 6 கிராமுக்கு மேல். ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்னும் நார்ப்பொருள் கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும். இந்தக் கிண்ணத்தில் ஒருவருக்குக் கிடைப்பது அரை கிராம் அளவே. எனவே 'ஓட்ஸ் இருக்கிறதே, உடம்புக்கு நல்லதுதானே' என்று பாலேட்டுக்கு நற்சான்று வழங்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் காணலாம். தீங்கு தரக்கூடியவையும் நன்மை தருபவையும் இங்கே வெவ்வேறு கிண்ணங்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் அடுக்கி முடித்த குவளையை நீட்டி 'இவர் சாப்பிடலாமா?' என்று கேட்டால் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு விடைகளே உண்டு. தனித்தனியே வைத்தால் விடைகள் பலவாகின்றன. நீரிழிவு உள்ளவர் பழத்தைத் தாராளமாகவும் ஓட்ஸை அளவாகவும் எடுத்துக்கொண்டு, தேனை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். தேன் இயற்கையானது, ஆகவே சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. இரத்தம் அவ்வேறுபாட்டை அறியாது. இதய நோயாளி பாலேட்டுக்குப் பதிலாகப் பழைய கிரௌடியை நாடலாம். வறியவரின் மாற்று இங்கே மருத்துவரின் மாற்றாகவும் ஆகிறது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் சிறுநீரக நோயாளிக்குப் பழம் என்றாலே அச்சம். ஆனால் 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்க, ராஸ்ப்பெர்ரியில் இருப்பது 150 அளவே.

புற்றுநோய்ச் சிகிச்சையில் எடை இழந்து, நான்கு வாய்க்கு மேல் உண்ண இயலாமல் தவிப்பவரின் நிலை வேறு. பாலேடு அவருக்கு மருந்துக்கு ஒப்பானது. சிறிய அளவில் மிகுந்த ஆற்றல் தரும் உணவே அவருக்குத் தேவை. அவர் முன்னால் அமர்ந்து கொழுப்பைப் பற்றிப் பேசும் உறவினர்களைக் காணும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

விட்டுக்கொடுக்க இயலாத இடங்களும் உண்டு. விஸ்கி முதலாவது. இந்த உணவு அடுப்பேறுவதில்லை. எனவே அதில் உள்ள சாராயம் ஆவியாவதில்லை. கல்லீரல் நோய் உள்ளவர்கள், மெட்ரோனிடசோல், வார்ஃபரின், தூக்க மருந்துகள் எடுப்பவர்கள், இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் வாய்ப்புள்ளவர்கள், கருவுற்றவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தக் கிண்ணம் மேசைக்கே வர வேண்டாம். மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர் வீட்டில் இருந்தால் விஸ்கி வீட்டுக்கே வர வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் துளியும் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு, மென்மையான பாலேட்டுக்குள் உலர்ந்த நொய் கலந்த உணவு மூச்சுக்குழலில் சென்று புரையேறக்கூடும். விழுங்குதல் சிகிச்சையாளரைக் கேட்காமல் தரக் கூடாது. குடல் சுருக்கம் உள்ளவர்களும் அண்மையில் குடல் அறுவை செய்துகொண்டவர்களும் பழத்தை வடிகட்டி, விதை நீக்கி உண்ண வேண்டும். ஓட்ஸைப் பற்றி அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும். கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை கலவாதது என்று உறுதி செய்யப்பட்ட ஓட்ஸ் வேண்டும். அதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் உறைநிலைப் பழத்தை ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும். அத்தகைய பழங்கள் வழியாகக் கல்லீரல் அழற்சிக் கிருமி பரவிய நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன.

பராமரிப்பவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவார்கள் என்பதை அறிவோம். "கிண்ணத்தை அவரிடமே விட்டால் தேன் முழுவதையும் ஊற்றிக்கொள்வாரே!" நியாயமான அச்சம். இரவில் சர்க்கரை ஏறினால் விழித்திருப்பவர்கள் அவர்கள்தாம். மறுநாள் விடுப்பு எடுத்து மருத்துவமனைக்கு அழைத்து வருபவர்களும் அவர்களே. எங்கள் விடை இதுதான்: மேசைக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள், தம் கிண்ணத்துக்கு எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும். தேன் புட்டியை வைக்காமல் சிறு கிண்ணியில் 4 தேக்கரண்டி மட்டும் ஊற்றி வைத்தால், நால்வரும் பார்த்திருக்க ஒருவரே அனைத்தையும் எடுத்துக்கொள்வது அரிது. நினைவிழப்பு நோய் உள்ளவரிடம் இது செல்லாது. அங்கே தங்கள் கையே பரிமாற வேண்டும். ஆனால் அறிவு தெளிவாக உள்ள அறுபது வயதுக்காரரின் தட்டிலிருந்து, அவரைக் கேளாமலே இனிப்பை எடுத்துவிடுவது வேறு. அப்படி எடுக்கப்பட்டவர்களுள் சிலர் வெளியே சென்று, யாரும் அறியாமல் உண்கிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறிய சர்க்கரைக்குக் காரணம் புரியாமல் நாங்கள் மருந்தைக் கூட்டுகிறோம்.

நோய் ஒருவரிடமிருந்து எதை எதையோ எடுத்துக்கொள்கிறது. எப்போது எழுவது, எப்போது ஊசி, யார் குளிப்பாட்டுவது என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்கிறார்கள். அவற்றுட் பல தவிர்க்க முடியாதவை. ஒரு கரண்டித் தேனா, இரண்டா என்பது அவரிடம் விட்டுவைக்கக்கூடிய சிறு முடிவு. 'நோயாளிக்கான இனிப்பு' என்று செயற்கைச் சுவையூட்டி கலந்து தனியே செய்து தருவதைவிட, எல்லோருக்கும் வைத்த அதே கிண்ணங்களிலிருந்து அவரும் எடுப்பதையே நாங்கள் பெரிதும் விரும்புகிறோம்.

இங்கே செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 25 விழுக்காட்டுக் கொழுப்புள்ள பாலேடு, எவ்வளவு கடைந்தாலும் நிற்காது. கேக் செய்வோர் வாங்கும், 35 விழுக்காட்டுக்குக் குறையாத பாலேடு வேண்டும். கிரௌடிக்கு நெருங்கியது, தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டியில் ஓரிரவு தொங்கவிட்டு நீர் வடித்தது. உறைநிலை ராஸ்ப்பெர்ரி பெருநகரக் கடைகளில் கிடைக்கும். விஸ்கிக்கு மாற்றாக ஆரஞ்சுச் சாறு இரண்டு கரண்டி போதும். பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்கள் ஆப்பிள் சாற்றைக் கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர் உண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பார்த்து, எத்தனை கரண்டித் தேன் எடுத்தார் என்பதோடு சேர்த்துக் குறித்துவைக்கட்டும். அந்தக் குறிப்பை அடுத்த வருகையின்போது எங்களிடம் காட்டலாம். அதில் உள்ளதை அவரே சொல்லக் கேட்க விரும்புகிறோம்.