விடுவிப்பதோடு கடமை முடிவதில்லை

வட அமெரிக்காவின் ஏரிகளும் ஆறுகளும் உறையும் மாதங்களில் தூண்டில்காரர் பலர் பஹாமாஸ் நாட்டின் ஆண்ட்ரோஸ் தீவுக்குச் செல்வது, முழங்காலளவு நீர் நிற்கும் மணல் திட்டுகளில் மேயும் போன்ஃபிஷ் என்னும் வெள்ளிநிற மீனுக்காகவே. கொக்கியில் இறகும் நூலும் சுற்றி இறாலைப் போலச் செய்த இலேசான போலி இரையை, கனமான தூண்டில் கயிற்றின் வீச்சாலேயே தொலைவில் விழச்செய்யும் இம்முறை ‘ஃபிளை ஃபிஷிங்’ எனப்படும். பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவது இதன் மரபு. ஆனால், அதை மட்டும் கொண்டு இப்பொழுதுபோக்கு தீங்கற்றது என முடிவுகட்டுவது பொருந்தாது. படமெடுப்பதற்காக நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கப்பட்ட மீன், விடப்பட்டபின் நிலைதடுமாறிச் சுறாவுக்கும் சீலாவுக்கும் எளிதில் இரையாகிறது. மேலும், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டி இம்மீன்கள் முட்டையிடுவதற்காக ஆழ்நீரின் விளிம்பில் கூட்டமாகச் சேரும் பருவத்திலேயே பயணிகளின் குளிர்கால விடுமுறையும் வருகிறது. தன் 10 சென்ட் நாணயத்தில் இம்மீனைப் பொறித்துள்ள அந்நாடு, 2017இல் மணல் திட்டு மீன்பிடிப்புக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது நல்ல தொடக்கமே எனினும், மீனை நீரைவிட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்றுவதும், அவை கூடும் இடங்களைத் தூண்டில் எட்டாமல் காப்பதும் வழக்கமானால்தான் அம்மரபு மீனுக்கும் பயன் தரும்.