மருந்து வந்தாச்சு... நம்ம உடம்புக்குப் பொருந்துமா?

உங்கள் ரத்தத்தில் இந்த நிமிடமும் கோடிக்கணக்கான டி செல்கள் ரோந்து சுற்றுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் 'ரிசப்டர்' எனும் ஏற்பிகள். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய் செல்லையும் அடையாளம் காண்பது இவைதான். சில மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றி ஒட்டி, கணக்கில்லாத ஏற்பி வகைகளை உடம்பே தயாரித்துக்கொள்கிறது.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கு. அந்தத் துண்டுகளே ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதுதான் அதிகம் பேசப்படாத விஷயம். 2023இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க, கிழக்காசிய, தெற்காசிய, ஐரோப்பியப் பின்னணி கொண்ட 45 பேரை ஆராய்ந்தார்கள். அதுவரை பதிவாகாத 175 மரபணு வடிவங்கள் கிடைத்தன! (சில, நியாண்டர்தால்கள் விட்டுச்சென்ற சொத்து.) வெறும் 45 பேரில் இவ்வளவு என்றால், 140 கோடிப் பேரில்?

சரி, அதனால் எனக்கென்ன என்கிறீர்களா?

ஏற்பி தானாக எதையும் பார்த்துவிடாது. செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்கை எச்எல்ஏ என்ற மூலக்கூறு வெளியே ஏந்திக் காட்ட வேண்டும். இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். சிக்கல் இங்கேதான். மூட்டுகளையொட்டி வரும் ஒருவகை மென்திசுப் புற்றுநோய்க்கு, ஏற்பியை மாற்றியமைத்த டி செல் சிகிச்சையான டெசெல்ராவுக்கு 2024இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஆனால் எச்எல்ஏ-ஏ 02:01, 02:02, 02:03, 02:06 ஆகிய நான்கில் ஒன்று இருப்பவருக்குத்தான் அது. 02:01 ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் உண்டு. தெற்காசியர்களிடம் அதைவிட நன்றாகவே குறைவு. இந்தியர்களிடம் கணிசமாகக் காணப்படும் 02:11 அந்தப் பட்டியலிலேயே இல்லை. கையில் பணம் இருந்தாலும், டாக்டர் தயாராக இருந்தாலும், வகை பொருந்தலைன்னா சிகிச்சை இல்லை.

இதில் சதி எதுவும் இல்லை. தரவு எங்கே அதிகமோ, நோயாளிகள் எந்த வகையில் அதிகமோ, அதற்குத்தான் நிறுவனங்கள் முதலில் மருந்து செய்யும்.

நம்மிடமும் தரவு இருக்கிறது. 'ஜீனோம் இந்தியா' திட்டம் சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. பெரிய வேலைதான். ஆனால் ஏற்பி மரபணுக்கள் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பவை. டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும் வழக்கமான முறை அங்கே எளிதில் குழம்பிவிடும். அதனால் இந்த ஏற்பிப் பகுதிகளையும் எச்எல்ஏவையும் மட்டுமாவது, நீளநீளமாகப் படிக்கும் கருவிகளைக் கொண்டு மறுபடி படிக்க அரசு தனியாக நிதி ஒதுக்க வேண்டும். அடுத்த டி செல் மருந்துக்கான ஆய்வுகள் தொடங்கும் முன்பே 02:11 போன்ற நம் வகைகள் அந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.