கடல் ஏறும்போது கணக்கில் வராதவர்கள்

பாலக்கோட்டில் நிற்பவருக்குக் கடல் தூரம். நாகப்பட்டினத்துக்குச் சாலைவழி முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நமது ஊரோ கடல் மட்டத்துக்கு மேலே ஆயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. காலனி ஒன்றில் நாம் நடத்தும் மாலை வகுப்பில் கடல் மட்ட உயர்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "நமக்குக் குடிக்கவே தண்ணி முறை வச்சுத்தான் வருது. கடல் ஏறினா நமக்கு என்னங்க சார்?"

நியாயமான கேள்வி. புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறிய மாவட்டத்துப் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? வகுப்பில் சொன்ன பதில் நமக்கே நிறைவாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

பஞ்சப்பள்ளியில் சின்னாற்றுக்கு அணை இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அந்த ஆறு செந்நீராக ஓடுவதை நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு மலைச்சரிவுகளில் கரைந்த மண்ணின் நிறம். சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. மேட்டூரில் அணை இல்லாத காலத்தில் அந்த மண் காவிரியோடு போய்த் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் வண்டலாகப் படிந்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக மேலிருந்து வந்த மண்ணால்தான் காவிரிக் கழிமுகம் உருவானது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிறகு ஆற்று மண்ணில் பெரும்பகுதி அணையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் படிந்ததை அள்ளும் பணியை 2017இல்தான் அரசு தொடங்கியது. அணை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கட்டிய அணைகள் ஆற்றின் மண்ணையும் நிறுத்திவிட்டன என்பதைப் பாடப்புத்தகம் போதுமான அளவு சொல்வதில்லை என்பதே நம் குறை.

மண் தரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆண்டுதோறும் மண் குழைத்துப் பூசி மெழுகாவிட்டால் தரை அமுங்கிப் பள்ளம் விழும். கழிமுக நிலமும் அப்படித்தான். வண்டல் தன் எடையிலேயே மெல்ல இறுகித் தாழும். மேலே புது மண் வந்துகொண்டே இருந்தால் சரியாகிவிடும். வராவிட்டால் நிலம் இறங்கும். அடியிலிருந்து நிலத்தடி நீரையும் எண்ணெயையும் எரிவாயுவையும் உறிஞ்சினால் இன்னும் வேகமாக இறங்கும். உலகின் பெரிய கழிமுகங்களில் 33ஐ ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 24 தாழ்ந்துகொண்டிருப்பதாகக் கூறியது. மறுபக்கம் கடல் ஏறுகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியலாளர் குழு தரும் கணக்குப்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லாத அந்த உயர்வுதான் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, புயல் நாளில் அலையை ஊருக்குள் தள்ளுகிறது. மற்ற நாள்களில் கிணற்றுக்குள் உப்பாக இறங்குகிறது.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அங்கே பவளப்பாறையை வெட்டி விற்றது முக்கியக் காரணம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. கடல்கோள் என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. ஆகவே இது தமிழருக்குப் புதிய செய்தி இல்லை. அந்தக் கடல்கோளில் யார் என்ன இழந்தார்கள் என்ற கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

இப்போதாவது கணக்கு சரியாக எடுக்கப்படுகிறதா என்று பார்ப்போம்.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. அந்த நினைவு நாளுக்கு மறுநாள் காலையில்தான், 2004 டிசம்பர் 26 அன்று, அதே நாகை மாவட்டத்தைச் சுனாமி தாக்கியது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மீனவ மக்கள். அவர்களுடைய இழப்பை ஒரு சொல்லாலும் நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் நிவாரணப் பட்டியல் தயாரானபோது முதல் கேள்வி "படகு இருந்ததா, வலை இருந்ததா" என்பதாக இருந்தது. மீன் சுமந்தவர்கள், கழிமுகத்தில் கையால் நண்டும் இறாலும் பிடித்தவர்கள், உப்பளத்தில் வேலை செய்தவர்கள், உப்பு ஏறிய வயலில் நடவுக்குப் போக முடியாதவர்கள் ஆகியோரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முகாம்களிலும் குடிநீர்த் தொட்டியிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. அழுகிய உடல்களை அள்ள மட்டும் பிற நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் எந்தச் சாதியினர் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையுறைகூட இல்லாமல் அவர்கள் அள்ளினார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு, மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக, 1,100 ரூபாய் என அரசு அறிவித்தது. தென்னை வைத்திருந்தவர்களுக்கே அது போதவில்லை. அதே தோப்பில் காய் பறித்தவர், மட்டை முடைந்த பெண், கயிறு திரித்தவர் ஆகியோரின் பிழைப்பும் அந்த மரத்தோடுதான் விழுந்தது. அந்த 1,100 ரூபாயில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

இது நமக்குத் தெரிந்த கணக்குதான். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. கருகிய நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்றார்கள். ஏக்கர் இருந்தால்தானே? பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் பறிப்புக் கூலிக்குப் போகிறவருக்கும், கரும்பு வெட்டப் போகிறவருக்கும் வறட்சி என்றால் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவது. மாணவியின் கேள்விக்கு வகுப்பில் சொல்ல விட்டுப்போன பதில் இதுதான்: அங்கே கடலும் இங்கே வறட்சியும் வெவ்வேறாக இருந்தாலும், இழப்பை எழுதும் பதிவேடு ஒன்றே. அதில் பட்டா எண்ணுக்கு இடம் இருக்கிறது. வேலை போன நாளுக்கு இடம் இல்லை.

வாழ்வாதாரம் இழந்த குடும்பத்துக்கு உதவித்தொகை என்று பேரிடர் நிவாரண விதிகளில் ஒரு பொதுவான வரி உண்டு. ஆனால் தான் யார் வயலில் எத்தனை நாள் வேலை செய்தோம் என்று காட்டும் காகிதம் கூலியாளிடம் கிடையாது. வாய்மொழியாகக் குத்தகை பிடித்தவரிடமும் கிடையாது. மேலும் புயல், வெள்ளம், வறட்சி, சுனாமி எல்லாம் அறிவிக்கப்பட்ட பேரிடர் பட்டியலில் இருக்க, மெல்ல மெல்ல நடக்கும் கரை அரிப்பு அதில் இல்லாமலே இருந்துவந்தது. 15ஆவது நிதிக்குழுதான் 2021 முதல் 2026 வரை அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியமர்த்த 1,000 கோடியும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. நாடு முழுவதற்குமான தொகை இது.

வேறொரு பாடமும் உண்டு. 1990களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் நெல் வயலுக்குள் உப்புநீரைக் கொண்டுவந்தன. கடல் தானாக ஏறுவதற்கு முன்பே பணம் அதை ஏற்றியது. நிலம் விற்றவருக்குக் காசு கிடைத்தது, நாற்று நட்டவருக்கு வேலை போயிற்று, சேரிக் கிணறு உப்பானது. திண்டுக்கல் பக்கம் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கூலிப் பெண்களைத் திரட்டி அதை எதிர்த்தார். அவருடைய கணவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. அவர்கள் நடத்திய லாப்டி இயக்கம் நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. பெண் பெயரில் பட்டா இருந்தால், அடுத்த வெள்ளத்தில் நிவாரணப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும்.

இப்போது தமிழ்நாடு அரசு உலக வங்கி நிதியோடு, 1,675 கோடி ரூபாயில், 'நெய்தல் மீட்சி இயக்கம்' நடத்துகிறது. அலையாத்திக் காடு வளர்ப்பது, பவளப்பாறையை மீட்பது எல்லாம் நல்ல காரியங்கள். பெயரும் நல்ல தமிழ்ப் பெயர். தமிழ் படித்தவர்கள் என்பதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியத்தில் அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் வேலை செய்வோரும், அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள் என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். நெய்தலை மீட்கும் திட்டத்திலும் அவர்கள் வெளியே நிற்கக் கூடாது. நடும் கூலி வேலைக்கு மட்டும் அழைத்துவிட்டு, முடிவெடுக்கும் குழுவில் நாற்காலி போடாமல் இருப்பதும் வெளியே நிறுத்துவதுதான்.

கரையோர ஊர்களை உள்ளே நகர்த்தும் காலம் வரும். துவாலு நாட்டு மக்கள் ஆண்டுக்கு 280 பேர் வீதம் ஆஸ்திரேலியாவில் குடியேற 2023இல் ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். நம் ஊரில் நகர்த்தும்போது ஊர் மேட்டுக்கும் காலனி மறுபடி பள்ளத்துக்கும் போகுமா என்பதே நம் கவலை. சுனாமிக் குடியிருப்புகளிலேயே சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்ததைப் பார்த்துவிட்டோம். எனவே இப்போதே கேட்க வேண்டும். பட்டா இல்லாத குடும்பங்களையும் சேர்த்துக் கடலோர ஒன்றியங்களில் முன்கூட்டியே கணக்கெடுப்பு வேண்டும். கூலி இழப்பு ஒரு தனித் தலைப்பாக வேண்டும். மறுகுடியமர்வு மனை பெண் பெயரில் வேண்டும்.

இதே கூலி இழப்புத் தலைப்பு தருமபுரியின் வறட்சிப் பதிவேட்டுக்கும் வேண்டும். அடுத்த கிராம சபையில் பாலக்கோடு வட்டத்துக் காலனி மக்கள், குறிப்பாகப் பெண்கள், இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்க்கக் கல்லூரி மாணவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்றை வட்டாட்சியருக்கும் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.