முதல் நாளில் காட்டுக்குப் போகாதீர்கள்

கென்யா சஃபாரிக்காகப் பயண நிறுவனங்கள் அனுப்பும் நிகழ்ச்சி நிரல்களில் முதல் நாளுக்கு எதிரே பெரும்பாலும் ஒரே வகை வாசகம் இருக்கும்: நைரோபி விமான நிலையத்தில் வரவேற்பு, உடனே மசாய் மாராவுக்குப் புறப்பாடு, மாலையில் வனவிலங்கு உலா. செலுத்தும் பணத்தில் ஒரு மணி நேரமும் வீணாகவில்லை என்ற நிறைவை அது தருகிறது. ஆயினும், முழு நிரலிலும் முதலில் அடித்துத் திருத்த வேண்டிய வரி அதுவே என்பது என் கருத்து. விமானத்திலிருந்து இறங்கிய நாளில் விலங்குகளைத் தேடிப் போக வேண்டாம். அந்த நாளை நைரோபியில் கழித்து, இரவு அங்கேயே உறங்கி, மறுநாள் விடியுமுன் புறப்படுவதே சரி.

நம் வாடிக்கையாளர்களில் பலருக்கு இத்தகைய பயணம் வாழ்நாளில் ஒருமுறை அமைவது. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கியோ, ஆண்டுக்கணக்கில் தொடர்வைப்பில் சேர்த்தோ புறப்படுகிறவர்கள் அவர்கள். அந்தப் பணம் எந்த நாளில், எத்தனை மணி நேரத்துக்குச் செலவாகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

மசாய் மாரா தேசியக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் 2024 முதல் கணிசமாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். வில்டபீஸ்ட் கூட்டங்கள் ஆற்றைக் கடக்கும் காலத்தை உள்ளடக்கிய ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அந்தச் சீட்டு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை செல்லும். மாலை நான்கு மணிக்கு உள்ளே நுழைகிறவரும் முழுநாள் கட்டணத்தையே செலுத்துகிறார். ஆகஸ்டு மாதத்தில் செல்லும் கணவன் மனைவி இருவர், முதல் நாள் மாலையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்காக 400 டாலர் கொடுக்கிறார்கள். நைரோபியில் வசதியான ஒரு விடுதி அறைக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும்.

அந்த இரண்டு மணி நேரமும் உறுதியாகக் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. நைரோபியிலிருந்து மாரா ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். காலையிலேயே விமானம் தரையிறங்கினாலும், குடிநுழைவுச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு, பணமாற்று, நகரின் போக்குவரத்து நெரிசல் எல்லாம் கடந்து வாகனம் நெடுஞ்சாலையை அடையும்போது நண்பகலை நெருங்கிவிடும். பிளவுப் பள்ளத்தாக்கின் சரிவில் சரக்கு லாரிகளின் பின்னால் ஊர்ந்து இறங்கி, மாய் மாஹியு, நாரோக் ஊர்களைத் தாண்டிச் செக்கெனானி வாயிலை அடைகையில் மாலை ஐந்தும் ஆகலாம், ஆறும் ஆகலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு அது. ஆண்டு முழுவதும் ஆறரை மணியளவில் கதிரவன் மறைகிறது. அந்தி நீண்டு நிற்பதில்லை, சட்டென்று இருண்டுவிடும். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பயணத்தின் கடைசிப் பகுதியை இருட்டில் கடக்க நேரும். விடியற்காலை முதல் உங்களுக்காக விமான நிலையத்தில் காத்திருந்த ஓட்டுநருக்கும் அது நல்லதன்று. பயணிகளின் களைப்பைப் பற்றிப் பேசுவோர் ஓட்டுநரின் களைப்பை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ஏழு, எட்டு மணி நேர வேறுபாட்டுடன் போராட வேண்டும். நமக்கும் கென்யாவுக்கும் இடையே இரண்டரை மணி நேரமே வேறுபாடு. அவர்கள் நமக்குப் பின்னே இருக்கிறார்கள். ஆகவே நம் களைப்புக்குக் காரணம் நேர மாற்றமன்று, தூக்கமின்மை. மும்பையிலிருந்து நேரடி விமானம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். ஆனால் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புகிறவர் மும்பையிலோ, வளைகுடா நகரம் ஒன்றிலோ, அடிஸ் அபாபாவிலோ விமானம் மாற வேண்டும். அந்த இரவு உட்கார்ந்தபடியே கழிகிறது. மறுநாள் மாலை குலுங்கும் வாகனத்தில் நின்றுகொண்டு தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால், எதிரில் சிங்கமே படுத்திருந்தாலும் மனம் படுக்கையைத்தான் நாடும்.

ஒரு இரவு நன்றாக உறங்கிவிட்டால் அதே இரண்டரை மணி நேரம் நமக்கு உதவியாக மாறுகிறது. நைரோபியில் அதிகாலை நான்கு மணி என்பது நம் உடலுக்கு ஆறரை மணி. எவரும் எழுப்பாமலே விழிப்பு வந்துவிடும். ஐந்து மணிக்கு, அதாவது உடல் ஏழரை என்று எண்ணும் வேளையில், கட்டுச்சோற்றுடன் புறப்பட்டால் பதினொரு மணியளவில் வாயிலை அடையலாம். அதே 200 டாலருக்கு ஏழு மணி நேரம் கிடைக்கிறது. அடுத்தடுத்த நாள்களிலும், விலங்குகள் மிகுதியாக நடமாடும் விடியற்காலைக்கு நம்மவர்கள் இயல்பாகவே ஆயத்தமாக இருப்பார்கள்.

சிறு விமானத்தில் மாரா செல்ல விரும்புவோருக்கும் நைரோபி இரவு தேவைப்படுகிறது. பன்னாட்டு விமானங்கள் வந்திறங்குவது ஜோமோ கென்யாட்டா நிலையத்தில். மாராவுக்கான சிறு விமானங்களில் பெரும்பாலானவை புறப்படுவதோ நகரின் மறுபக்கத்திலுள்ள வில்சன் நிலையத்தில். இரண்டும் தனித்தனிச் சீட்டுகள் என்றால், முதல் விமானம் தாமதமானதற்காக இரண்டாவது காத்திராது. மேலும் சிறு விமானங்களில் பொதுவாகக் கைப்பையும் உட்பட 15 கிலோதான் அனுமதி. அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். நாம் வழக்கமாக எடுத்துச் செல்லும் கெட்டிப் பெட்டிகளை முதல் இரவு தங்கிய விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். பெட்டி ஒன்று விமானம் மாறும் இடத்தில் தங்கிவிட்டாலும், நகரத்தில் இருக்கும் பயணியைத் தேடி அது வந்து சேரும். புல்வெளியின் நடுவே கூடாரத்தில் இருப்பவருக்கு அது கடினம்.

அப்படியானால் அந்த முதல் நாளில் என்னதான் செய்வது? மிகக் குறைவாகச் செய்யுங்கள். குளித்து, மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் உறங்குங்கள்; மாலை வரை தூங்கிவிட்டால் இரவு உறக்கம் கெடும். பிற்பகலில் வெளியே செல்ல விரும்பினால் லங்காட்டாவிலுள்ள ஒட்டகச்சிவிங்கி மையம் போதும். உயர்ந்த மேடையில் நின்று அவற்றுக்குக் கையால் தீனி கொடுக்கலாம். குழந்தைகளுக்கு அது பெருமகிழ்ச்சி. ஷெல்டிரிக் அறக்கட்டளையின் அநாதை யானைக்குட்டிகளைப் பார்வையாளர்கள் காணும் நேரம் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மட்டுமே, முன்பதிவும் வேண்டும். வந்திறங்கிய நாளில் அதற்காக ஓடுவது நம் நோக்கத்தையே கெடுக்கும். நகரின் ஓரத்திலேயே நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. 1946இல் அமைக்கப்பட்டது, பரப்பு ஏறத்தாழ 117 சதுர கிலோமீட்டர். வானுயர் கட்டடங்களின் பின்னணியில் காண்டாமிருகம் மேயும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதையும் முதல் நாளில் அன்றி, இரவு விமானத்தில் ஊர் திரும்பும் கடைசி நாளின் முற்பகலுக்கு ஒதுக்குங்கள்.

சைவ உணவுக்காக எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு இருப்புப்பாதை அமைத்த இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ 32,000 பேர். அந்தப் பாதையின் முகாமாக 1899இல் தோன்றியதே நைரோபி நகரம். வணிகராகவும் பின்னர் வந்து நிலைத்த இந்தியர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பார்க்லண்ட்ஸ் பகுதியில் நம் நாட்டு உணவகங்கள் நிறைய உண்டு. காட்டு விடுதிகளின் புதிய உணவுக்கு முன், முதல் இரவில் பழகிய உணவை மிதமாக உண்பது வயிற்றுக்கு நல்லது. நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் அளவு உயரத்தில், அதாவது குன்னூரின் உயரத்தில், இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு இரவுகளில் கம்பளி வேண்டியிருக்கும். மூத்தோர் மாடிப்படிகளில் சற்று மூச்சுவாங்குவதும் இயல்பே. இதய நோய் உடையவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும்.

முதல் நாள் அமைதியாகக் கழிய வேண்டுமாயின் சில வேலைகளை ஊரிலேயே முடித்திருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, போட்டுக்கொண்ட 10 நாளுக்குப் பின்னரே செல்லுபடியாகும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். 60 வயது கடந்தவர்கள் இந்த ஊசிக்கு முன் மருத்துவ ஆலோசனை பெறுவது கட்டாயம் என்றே சொல்வேன். மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைப் புறப்படுமுன்னரே தொடங்க வேண்டும். நொறுக்குத் தீனியைப் பாலித்தீன் பைகளில் கட்டிச் செல்லாதீர்கள். 2017 முதல் கென்யாவில் அப்பைகளுக்குத் தடை உள்ளது. வங்கி அட்டை பற்றியும் ஒரு சொல்: ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கிக்கொள்ள வேண்டும். நைரோபி விடுதியின் வரவேற்பு மேசையில் நின்று அதை அறிந்துகொள்வது உகந்ததன்று.

விடுப்பே ஏழு நாள்தான், அதில் ஒரு நாளை விடுதியில் கழிப்பதா என்று பணியிலிருப்போர் கேட்பது நியாயமே. அவர்களுக்கு என் விடை: ஒரு காப்பகத்தைக் குறையுங்கள். ஆறு நாளில் அம்போசெலி, நகுரு, மாரா என மூன்றையும் அடக்கும் நிரல்களில் பயணி பெரும்பாலும் காண்பது நெடுஞ்சாலையைத்தான். இரண்டு இடங்களில் நிதானமாகத் தங்குகிறவர் அதிக விலங்குகளைக் காண்கிறார், குறைவாகவும் களைக்கிறார். உண்மையிலேயே மூன்று நான்கு நாள்களே கையில் உள்ளவர் மட்டும், காலையில் இறங்கி நண்பகலுக்குப் பின் சிறு விமானம் பிடிக்கலாம். அவரும் அன்று மாலை முகாமிலேயே தங்கி ஓய்வெடுப்பது நல்லது.

முன்பணம் செலுத்துமுன் பயண நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: முதல் இரவு எந்த ஊரில், நுழைவுக் கட்டணம் எத்தனை நாள்களுக்குச் சேர்க்கப்பட்டுள்ளது, முதல் நாள் மாலை உலாவை நீக்கினால் அந்தக் கட்டணம் கழித்துத் தரப்படுமா. மூன்றாவது வினாவுக்குத் தெளிவான விடை தராத நிறுவனத்தை விட்டு வேறொன்றை நாடத் தயங்க வேண்டாம்.