பழைய வண்டிக்குப் புதிய முன்னங்கால்

பழைய லாரிக்கு முன்னால் சக்கரம் இரண்டு. கால் என்னவோ ஒன்றுதான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடும் ஒரே இரும்புக் கட்டை, அதன் இரு முனைகளில் கிங் பின், அதில் சக்கரங்கள். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாய்ந்து அதற்கு அனுதாபம் தெரிவிக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் முழங்கை வரை அந்தச் செய்தி போய்ச் சேரும். காரில் பழகியவர்கள் 1960களின் லாரியிலோ பிக்கப்பிலோ ஏறி 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கும்போது முதலில் கேட்பது, "இதைக் கார் மாதிரி ஆக்க முடியாதா?" என்றுதான்.

புனேயில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். சின்ச்வட், போசரி, ஆகுர்டி என்று நீளும் அந்தத் தொழிற்பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. போதாக்குறைக்கு, இந்திய சரக்கு வண்டி தன் முன்னங்காலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளப் பழகியதில் இந்த ஊருக்கு முக்கியப் பங்கு உண்டு.

1954இல் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்துடன் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது டெல்கோ. 1960களில் புனேயில் அதன் இரண்டாவது தொழிற்சாலை எழுந்தது. 1986இல் அங்கிருந்து வந்த 407, அப்போது ஜப்பானியக் கூட்டுடன் களத்தில் குதித்த டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மாஸ்டா ஆகிய நான்கையும் எதிர்கொண்டு ஜெயித்தது. அதன் முன்பக்கத்தில் புதுமை எதுவும் கிடையாது. அதே கட்டை ஆக்ஸில், அதே பட்டை ஸ்பிரிங். இரண்டு வருடம் கழித்து, 1988இல் வந்த டாடாமொபைல் 206 பிக்கப்பில்தான் விஷயம் மாறியது. முன்சக்கரம் ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டு கைகளில் தனித்தனியே தொங்கியது. பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் சேஸிஸோடு நீளவாக்கில் படுத்திருக்கும் முறுக்குக் கம்பி. அந்தக் குடும்பத்தில்தான் பிறகு சியராவும் எஸ்டேட்டும், 1994இல் சுமோவும் பிறந்தன. புனே தொழிற்சாலையை உருவாக்கிய சுமந்த் மூல்காவ்கரின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் சுமோ. ஜப்பானிய மல்யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுமோ 2019இல் நின்றுபோனது. ஆனால் அத்தனை வருடம் ஓடிய வண்டியின் முன்பாகங்கள் காயலான் கடைகளில் கிடைக்காமல் போகுமா? பழைய பிக்கப் வைத்திருப்பவருக்கு ஆசை இங்கேதான் பிறக்கிறது.

இந்த ஆசைக்கு அமெரிக்காவில் பெரிய வியாபாரமே உண்டு. 1974 முதல் 1978 வரை ஃபோர்டு விற்ற மஸ்டாங் 2 என்ற சிறிய காரின் முன் சஸ்பென்ஷனை அளவெடுத்து, 1940, 50களின் பிக்கப்புகளுக்குப் பொருத்துவதற்கென்றே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். மூல வண்டி இலேசான கார். அதன் டிஸ்க் சுமார் 9 அங்குலம்தான். கனமான பிக்கப்புக்கு அது காணாது என்று தெரிந்து 11 அங்குல டிஸ்க்காக மாற்றிக்கொண்டார்கள். ஒரு வண்டியின் காலை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டும்போது எடையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்க லாரிக் கம்பெனிகளே கூட இதில் தடுமாறியிருக்கின்றன. ஷெவர்லே தன் பிக்கப்புக்கு 1960 மாடலில் முறுக்குக் கம்பியுடன் தனித்தனிக் கால் கொடுத்தது. மூன்றே வருடத்தில் கம்பியை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. முன்பக்க டிஸ்க் பிரேக் எல்லாப் பிக்கப்புக்கும் வந்துசேர 1971 ஆகிவிட்டது.

நம் ஊர் வேடிக்கை வேறு. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் 1950களிலேயே தனித்தனிக் கால் இருந்தது. பக்கத்தில் ஓடிய லாரிக்கு இல்லை. இது கஞ்சத்தனமல்ல, கணக்கு. கட்டை ஆக்ஸிலில் வண்டி காலியாக இருந்தாலும் பாரம் ஏறினாலும் சக்கரத்தின் சாய்வு மாறாது; டயர் சீராகத் தேயும். பட்டை ஸ்பிரிங் பாரத்தையும் தாங்கும், ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கும். ஒரு பட்டை உடைந்தால் நாமக்கல்லிலோ நாக்பூரிலோ சாலையோரப் பட்டறையில் ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடலாம். கனரக லாரிகள் இன்றும் அந்தக் கட்டையை விடவில்லை என்றால் காரணம் இதுதான்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. என்ன நடக்கும்?

பட்டை ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைச் சேஸிஸின் நான்கு இடங்களில் பகிர்ந்து இறக்குகிறது. தனித்தனிக் கால் அமைப்பில் மொத்த பாரமும் ஒரே குறுக்குச் சட்டத்துக்கு வந்து சேரும். பழைய சேஸிஸை வடிவமைத்தவர் அந்த இடத்தில் அப்படியொரு பாரத்தை எதிர்பார்க்கவில்லை. எனவே சட்டத்தை வெட்டி, புதிய குறுக்குச் சட்டத்தைப் பற்றவைத்து, இருபுறமும் தகடு கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். வெல்டிங் அழகாக இருப்பது போதாது. உள்ளே இறங்கியிருக்க வேண்டும். டீசல் எஞ்சினின் ஆயில் சம்ப் சரியாகக் குறுக்குச் சட்டம் வர வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். எஞ்சினைத் தூக்கினால் பானெட் மூடாது, பின்னால் தள்ளினால் கியர் லீவர் சீட்டுக்குள் வரும்.

ஸ்டியரிங் இன்னும் நுட்பமானது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது தொங்கும் கைகள் ஒரு வட்டப் பாதையில் நகர்கின்றன. டை ராடும் ஏறக்குறைய அதே வட்டத்தில் நகர்ந்தாக வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். ஓட்டுபவர் "அலைன்மென்ட் சரியில்லை" என்று கடை கடையாக ஏறி இறங்குவார். எந்தக் கடையிலும் சரியாகாது. கோளாறு அலைன்மென்டில் இல்லை, வெல்டிங் செய்த இடத்தில் இருக்கிறது.

இவ்வளவு வேலைக்கும் கிடைப்பது சொகுசு. பாதுகாப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது: பிரேக்கிலிருந்து. புனேயில் வண்டி வைத்திருப்பவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏதாவது ஒரு மலைச்சரிவு காத்திருக்கும். மும்பைப் பக்கம் கண்டாலா, சதாரா பக்கம் காத்ரஜ்.

3 டன் எடையுள்ள வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் விழுங்கும் சக்தி சுமார் 4.2 லட்சம் ஜூல். அதே வண்டி சரிவில் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, வேகம் கூடாமல் பிரேக்கை மட்டும் மிதித்தே சமாளித்தால், விழுங்க வேண்டியது சுமார் 29 லட்சம் ஜூல். ஏழு முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு இது. இது 100 மீட்டருக்கு மட்டும். மலைச்சரிவு அதோடு முடிவதில்லை.

இந்தச் சூட்டில் டிரம் விரியும். விரிந்தால் ஷூவிடமிருந்து விலகும். பெடல் இறங்கும். டிஸ்க்கும் விரியும்தான், ஆனால் பேடை நோக்கி விரியும். காற்றும் படும், தண்ணீர் பட்டாலும் சுழற்றி எறிந்துவிடும். டிஸ்க்கின் மேன்மை அவ்வளவுதான். மாயம் இல்லை. இன்னும் சொல்லப்போனால் டிரம்மிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு: சுழலும் டிரம் முன் ஷூவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கால் பலம் குறைவாகப் போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மாட்டியவர்கள் பெடல் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல வெற்றிடம் தானாகக் கிடைக்காது; தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரையும் விட்டுவைக்க முடியாது. டிரம்முக்கான பழைய சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் விடாமல் உரசி, பத்து கிலோமீட்டரில் சக்கரம் சுடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி என்பது. எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கும் போயிற்று. முன்னுக்கும் பின்னுக்கும் தனி வழி கொடுக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான் பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த உபகாரம். செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. இந்தச் சாமான்களுக்காக அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியிலேயே இருக்கிறது.

காலி பிக்கப்புக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. பின்பக்கம் இலேசு. அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் திரும்பும். முன்னால் டிஸ்க் போட்டுவிட்டுப் பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் போடாதவர்கள் இதை முதல் மழையில் தெரிந்துகொள்கிறார்கள்.

எந்தப் பிரேக்கும் ஓட்டுபவரை மீறி வேலை செய்யாது என்பதும் புனேக்குத் தெரியும். 2022 நவம்பர் 20 அன்று, காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையிலிருந்து இறங்கும் சரிவில் நவலே பாலம் அருகே ஒரு லாரி வரிசையாக மோதியதில் பல வாகனங்கள் சேதமடைந்தன. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் பேச்சு. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் விட்டதே காரணம் என்று போலீஸின் ஆரம்ப விசாரணை சொன்னது. டீசல் மிச்சம் பிடிக்கும் இந்தப் பழக்கம் நாடெங்கும் உள்ளது. எஞ்சின் நின்றால் பெரிய லாரியில் ஏர் கம்ப்ரஸரும் நின்றுவிடும். டாங்கியில் இருக்கும் காற்று தீரும் வரைதான் பிரேக். சின்ன வண்டியில் பூஸ்டரின் கதையும் அதேதான்.

கடைசியில் ஆர்.டி.ஓ. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சட்டம் "மாற்றம்" என்று சொல்வது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தை. பிரேக் லைனிங்கும் ஹோஸும் அதில் வராது. சேஸிஸை வெட்டிக் குறுக்குச் சட்டம் பற்றவைப்பது வராது என்று வாதாட நல்ல வக்கீல் வேண்டும்.

"பழம்பெரும் வண்டி என்று பதிந்துகொள்கிறேன்" என்பவர்களுக்கும் வழி குறுகல். 2021 ஜூலையில் வந்த விதிகள் 50 வயது தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளுக்கும் கார் வகைக்கும் 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனிப் பதிவெண் தருகின்றன. கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ கை வைத்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். சரக்கு வண்டி அந்த வரையறைக்குள்ளேயே வரவில்லை. 1950களின் கார் பாரம்பரியம். அதே வயது லாரி வெறும் பழைய லாரி. மண்டியிலிருந்து ரேஷன் கடை வரை இந்த நாட்டுக்குச் சோறு சுமந்தது எது என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்கலாம்.

வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. புனேயிலேயே, கோத்ரூட் பக்கத்து வேதாள் குன்றின் மேல் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைகளெல்லாம் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் கம்பெனிகளுக்காக ஏற்பட்டவை. ஒற்றை வண்டிக்காரர் தன் பிக்கப்புடன் போய் நிற்கிற இடமல்ல.

ஆகவே அவருக்கு மிச்சம் இருப்பது கிங் பின்னும் புஷ்ஷும் மாற்றி, பட்டைகளைக் கழற்றித் துருப்போக்கிக் கட்டி, டிரம்மைக் கடைந்து, புது லைனிங்கும் ஹோஸும் போட்டு, முடிந்தால் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைக்கும் வேலைதான். தேய்ந்துபோன கட்டை ஆக்ஸிலை ஓட்டிவிட்டுக் கட்டை ஆக்ஸிலே மோசம் என்று முடிவு கட்டியவர்களில் பலர், புது கிங் பின் போட்ட பிறகு சுமோவின் முன்னங்காலைத் தேடுவதில்லை. பிரேக் ஆயிலை மட்டும் மறக்கக்கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காத டாட் 3 ஆயில், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, காலடியில் பஞ்சு. வருஷம் இரண்டானால் பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். காத்ரஜ் போவதற்கு முன்னால்.