பாரிசவாயுவும் கடிகாரமும்

கூரத்தில் எமது சிறிய தகப்பனாருக்குச் சென்ற மாதம் ஓரிரவு பாரிசவாயு கண்டது. வாய் கோணிற்று, வலக்கை துவண்டது, பேச்சுக் குழறிற்று. வலி மாத்திரம் இல்லை. அதனாலேயே, "படுத்தெழுந்தால் சரியாகும்" என்று காபி கொடுத்தார்கள். (விழுங்கமாட்டாதவருக்கு அது நுரையீரலில் இறங்கக்கூடும்!) ஆஸ்பத்திரி சேருகையில் பொழுது விடிந்துவிட்டது. கை இன்னும் திரும்பவில்லை.

மூளைக் குழாய் அடைபட்டிருந்தால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணிக்குள் போட வேண்டும். அடைப்பா கசிவா என்பதை ஸ்கான் படமே சொல்லும். ஆகவே உடனே 108 வண்டியை அழையுங்கள். நோயாளி கடைசியாக நன்றாயிருந்த நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

1945 ஏப்ரலில் பிரஸிடெண்டு ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். வெகுநாளைய இரத்தக் கொதிப்பு அவருக்கு இருந்தது. திண்ணைதோறும் இதைச் சொல்லி வருகிறோம். "எங்களுக்கேது கொதிப்பு?" என்கிறார்கள். அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?